கோப்பு திறந்த வெள்ளிக்கிழமை

அத்தியாயம் 14

லாயிட் டில்மன் அன்று காலை சட்டைக்கு இஸ்திரி போட்டான்.

மனைவி கொரீன் இறந்த பிறகு இஸ்திரிப் பெட்டியை அவன் தொட்டதில்லை. வேலை போகிற நாளில் கசங்கிய சட்டையோடு நிற்க வேண்டாம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

போன வாரம் அவனை ஒரு கடிதத்தோடு விட்டுவிட்டு வந்தோம். கவுண்டி வக்கீல் மிஸஸ் ஃபென்விக் எழுதிய கடிதம். ரகசியமாக வைக்க வேண்டிய தகவலை அவன் மனைவியின் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டதாகப் புகார். வெள்ளிக்கிழமை காலை நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

லாயிட் வேலை பார்ப்பது கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், நிலம் வாங்கும் பிரிவில். காட்டையும் சதுப்பையும் காப்பாற்றக் கவுண்டி ஒரு நிலத்தை வாங்க நினைத்தால், முதலில் மதிப்பீட்டாளர்களை அனுப்பி விலை போடச் சொல்லும். பேரம் முடிகிற வரை அந்த விலை மூடிய கோப்பில் இருக்கும். விற்பவருக்கும் காட்டக் கூடாது, போட்டிக்கு வாங்க நிற்பவருக்கும் காட்டக் கூடாது. கவுண்டி சபை அந்த நிலத்தை எடுத்துப் பேசுவதற்கு முப்பது நாள் இருக்கும்போது கோப்பு திறக்கும். அன்றிலிருந்து யார் கேட்டாலும் பார்க்கலாம்.

எளிதான விதி. விற்பவர் மாமனாராக இல்லாத வரைக்கும்.

மாமனார் பர்ட்டன் போமார் ஆற்றில் வலை வீசுகிறவர். செயின்ட் அகஸ்டினுக்குத் தெற்கே, ஆற்றங்கரையில் ஓக் மரங்களும் பனைகளும் அடர்ந்த நிலம் அவருடையது. வீட்டுக்குப் பின்னால் படகுத் துறை. நிலத்தின் மேல் இரண்டு பேருக்குக் கண். ஒன்று கவுண்டி. இன்னொன்று வீடுகள் கட்டி விற்கும் கம்பெனி. கம்பெனியின் ஆள் ஹால்வர்சன்.

கவுண்டி தன் விலையைச் சொல்லிவிட்டது. அது நியாயமான விலைதானா என்பது பர்ட்டனுக்குத் தெரிய வேண்டும். கோடையிலிருந்தே மருமகனை நச்சரித்தார்.

"சொல்ல வேணாம்டா. தலைய மட்டும் ஆட்டு."

லாயிட் ஆட்டவில்லை. கோப்பு பூட்டிய அலமாரியில் இருந்தது. நிலம் மாமனாருடையது என்று முதல் நாளே எழுதிக் கொடுத்து அந்தக் கோப்பிலிருந்து விலகியவன் அவன். சாவி வக்கீலிடம்.

ஞாயிற்றுக்கிழமை வரை பர்ட்டன் கவுண்டியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை போட்டார். போட்ட கையோடு ஹால்வர்சனைக் கூப்பிட்டு, "வேற இடம் பாருங்க, மருமகன் சொல்லாமலே சொல்லிட்டான்" என்றார்.

ஹால்வர்சன் அந்த வார்த்தையை அப்படியே புகாராக எழுதிக் கொடுத்துவிட்டார்.

தான் எதைச் சொல்லாமல் சொன்னோம் என்று லாயிட்டுக்குத் தெரியவில்லை. மாமனார் போனை எடுக்கவில்லை.

வாசலில் ஹார்ன் அடித்தது. மைத்துனன் லோனி, பிக்கப் வண்டியோடு.

"மச்சான், சட்டையெல்லாம் பளபளன்னு இருக்கு? பொண்ணு பாக்கவா போறே?"

"வேலைய விட்டுத் தூக்குறாங்க. அதுக்குத்தான்."

"இன்னும் தூக்கல இல்ல. ஏறு." லோனி குரலை இறக்கினான். "ஒண்ணு கேக்கறேன், நெஜத்தைச் சொல்லு. நீ அந்தக் கோப்பைப் பாக்கவே இல்லையா? அலமாரிக்குப் பக்கத்துலதானே ஒக்கார்றே?"

"கடலுக்குப் பக்கத்துலதான் குடியிருக்கேன். தினம் போயி குளிக்கிறேனா?"

லோனி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். "ஜோக்கு! இவன் வாயிலேருந்து ஜோக்கு! ஓடெசா அத்தைகிட்டச் சொன்னா நம்பவே மாட்டா."

சிரிப்பு பாதியில் நின்றது. ஜன்னல் வழியே வாசற்படியில் இருந்த வாளிகளை அப்போதுதான் கவனித்தான். ஒவ்வொரு வாளியிலும் ஒரு டாட்டில் மிளகாய்ச் செடி. சுருங்கிய சின்னச் சின்ன மஞ்சள் காய்கள்.

"இது கொரீன் நட்டது இல்ல? துறையில இருந்ததுதானே?"

"ஆமா."

"எப்போ தோண்டினே?"

"ஞாயித்துக்கெழமை."

"அப்பா பாத்தாரா?"

"ஆத்துல இருந்தாரு. படகுலேருந்து கைய ஆட்டினாரு. நானும் ஆட்டினேன்."

லோனி மெதுவாக விசில் அடித்தான். வண்டியை விட்டு இறங்கினான். ஒரு வாளியைத் தூக்கிப் பின்னால் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினான்.

"அது எதுக்கு?"

"நீ ஏறு மச்சான்." போனை எடுத்து அப்பாவுக்குக் குரல் செய்தி வைத்தான். "அப்பா, வலைய அப்படியே போட்டுட்டு கவுண்டி ஆபீசுக்கு வாங்க. ஒடனே. லாயிட்டு செடியத் தோண்டினது விஷயமா."

வழியெல்லாம் அவன் பேசவில்லை. லோனி பேசாமல் இருந்தால் காரணம் பெரியதாக இருக்கும். அவனுக்கு வீட்டில் பட்டாசு என்று பெயர்.

போமார் குடும்பத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. மினோர்கா தீவிலிருந்து இந்தக் கரைக்கு வந்த முப்பாட்டன் காலத்துப் பழக்கம். கால் நீண்ட பர்ட்டனுக்குக் கொக்கு. அவர் தங்கை ஓடெசாவுக்குக் கடுகு. உள்நாட்டில், ஹேஸ்டிங்ஸ் உருளைக்கிழங்கு வயல்களிலிருந்து வந்த லாயிட்டுக்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை.

*

கவுண்டி அலுவலக நடையில் ஹால்வர்சன் உட்கார்ந்திருந்தார். பளபளக்கும் பூட்ஸ். இவர்களைப் பார்த்ததும் எழுந்து கை நீட்டினார்.

"தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்ல மிஸ்டர் டில்மன். நியாயமா நடக்கணும், அவ்வளவுதான்."

"சரிங்க" என்றான் லாயிட்.

பத்து மாதமாக எல்லாவற்றுக்கும் அவன் சொல்வது அதுதான். லோனி நடையிலேயே நின்றுகொண்டான். லாயிட் மட்டும் உள்ளே போனான்.

மிஸஸ் ஃபென்விக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"குடும்பத்துல யார்கிட்டயாவது மதிப்பீட்டுத் தொகைய சொன்னீங்களா?"

"இல்ல மேடம்."

"எழுதிக் காட்டினீங்களா?"

"இல்ல."

"ஜாடையா?"

"எனக்கே தெரியாதுங்க. தெரியாத தொகைக்கு என்ன ஜாடை காட்டறது?"

"அப்ப உங்க மாமனார் ஏன் அப்படிச் சொன்னார்?"

"தெரியல மேடம்."

வக்கீல் பெருமூச்சு விட்டார். "கேட்டுக்குங்க. புகார் உண்மைன்னா உங்க வேலையோட நிக்காது. இந்தக் கொள்முதலையே சபைக்குக் கொண்டு போக முடியாது. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் ஹால்வர்சன் சும்மா இருக்க மாட்டார். நிலம் போயிடும்."

லாயிட் அதை நினைத்துப் பார்த்தான். ஓக் மரங்கள் இருந்த இடத்தில் ஒரே மாதிரி வீடுகள். கொரீன் கால் தொங்கப்போட்டு வலையிலிருந்து பாசி பிரித்த துறையில் கான்கிரீட். பயம் வர வேண்டிய இடம். காத்துப் பார்த்தான். வரவில்லை. மார்ச் மாதம் பாலத்தின் மேல் கொரீனைக் கொண்டுபோன விபத்தோடு அதுவும் போய்விட்டது.

வெளியே யாரோ குரலை உயர்த்தினார்கள்.

"செடியெல்லாம் உள்ள கொண்டு போகக் கூடாதுங்க."

"ஏன்? அது ஓட்டுப் போடவா போகுது?"

"ஸ்கேன் பண்ணணும் சார்."

"பண்ணு. பண்ணிட்டு அந்தக் கையால கண்ணக் கசக்கிடாதே. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

கதவு திறந்தது. ரப்பர் பூட்ஸ், ஈரத் தொப்பி, கையில் லோனி ஏற்றி வந்த வாளி. பர்ட்டன் போமார் கதவு நிலைக்குக் குனிந்து உள்ளே வந்தார்.

"மேடம், சாட்சியக் கொண்டாந்திருக்கேன்."

வாளியை மேசை மேலேயே வைத்தார். கொஞ்சம் மண் சிந்தியது.

"இது என்ன மிஸ்டர் போமார்?"

"என் மருமகன் சொன்னது. வாயால சொல்லல. வாய் தொறக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்காம். அதனால மம்பட்டியால சொன்னான்."

"புரியல."

"எங்க வீட்டுல இந்தச் செடிய யாரும் தோண்ட மாட்டோம் மேடம். வெதச்ச எடத்துலயே நிக்கும், அங்கயே பட்டுப் போகும். நிலத்த விட்டுக் கெளம்பறப்பதான் தோண்டி வாளியில வப்போம். என் பெரியப்பா இங்க எதிர்க்கரைத் தீவுல இருந்த வீட்ட வித்தப்ப ஒரு ஆளுகிட்ட மூச்சு விடல. வாசல்ல வாளியப் பாத்துதான் எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டாங்க."

அவர் லாயிட்டைக் காட்டினார்.

"ஞாயித்துக்கெழமை ஆத்துல மடவை மீனுக்கு வலை வீசிட்டிருக்கேன். கரையில இவன் குனிஞ்சு குனிஞ்சு தோண்டறான். என் பொண்ணு கையால நட்ட செடி. எனக்குப் புரிஞ்சு போச்சு. நிலம் கவுண்டிக்குத்தான், வெலை சரியாத்தான் இருக்கு, தயங்காமக் கையெழுத்துப் போடுங்கன்னு பையன் சொல்றான். நான் கைய ஆட்டினேன். அவனும் ஆட்டினான். அதுக்கு மேல என்ன வேணும்?"

வக்கீல் லாயிட் பக்கம் திரும்பினார். "ஏன் தோண்டினீங்க?"

"உறைபனி மேடம்."

"என்ன?"

"ரேடியோவுல சொன்னாங்க, ராத்திரி உறைபனி விழும்னு. செடி கருகிடுமேன்னு எடுத்துட்டுப் போயி வீட்டுக்குள்ள வெச்சேன். நேத்துதான் படியில எடுத்து வெச்சேன், வெயிலுக்கு."

வக்கீல் வாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"உறைபனியா?" என்றார் பர்ட்டன்.

"ஆமா சார்."

கல்யாணத்துக்கு முன்னும் சார், பின்னும் சார். வேறு எப்படிக் கூப்பிடுவதென்று இருவருமே பேசிக்கொண்டதில்லை.

"உறைபனிக்குப் போர்வை போத்துவாங்கடா! பழைய பெட்ஷீட்ட எடுத்து மேல போட்டா முடிஞ்சுது! இந்தக் கரையில பொறந்த கைக்குழந்தைக்குக் கூடத் தெரியும்!"

"எங்க ஊருல உருளைக்கெழங்கு மட்டும்தான் சார். அதத் தோண்டித்தான் எடுப்போம்."

மிஸஸ் ஃபென்விக் வாயைப் பொத்திக்கொண்டார். பிரயோஜனமில்லை. சிரிப்பு விரல்களுக்கு நடுவில் வெளியே வந்தது.

பர்ட்டன் சிரிக்கவில்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப உனக்கு வெலை தெரியாது."

"தெரியாது சார்."

"சரியான வெலையா, கொறச்ச வெலையான்னு கூட?"

"தெரியாது."

"அய்யய்யோ" என்றார் பர்ட்டன். "நான் ஒரு மொளகாச் செடிய நம்பி நிலத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

*

அலமாரி லாயிட்டின் மேசைக்குப் பின்னால் இருந்தது. மூவரும் அங்கே போனார்கள். வக்கீல் சாவியைப் போட்டுத் திறந்தார். தடித்த பழுப்பு உறை. அதன் வாயின் மேல் குறுக்கே இரண்டு கையெழுத்துகள். ஒன்று அவருடையது, ஒன்று லாயிட்டின் மேலதிகாரியுடையது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"பிரிக்கல. யாரும் தொடல." லாயிட்டைப் பார்த்தார். "உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. இன்னைக்கே எழுதிக் குடுத்துடறேன். புகார் முடிஞ்சுது."

"தேங்க்ஸ் மேடம்."

"நீங்க குதிப்பீங்கன்னு நெனச்சேன்."

"அவனுக்குக் குதிக்கத் தெரியாது மேடம்" என்றார் பர்ட்டன். கண் உறையிலேயே இருந்தது. "இத எப்பத் தொறப்பீங்க?"

"இன்னைக்குத்தான். சபை கூடறதுக்கு முப்பது நாள் இருக்கு. இனிமே யார் கேட்டாலும் காட்டணும். நீங்க கேக்கறீங்களா?"

"கேக்கறேன்."

"வெளியில ஹால்வர்சனும் கேட்டிருக்கார்."

"என் செடி முதல்ல உள்ள வந்துச்சு."

வக்கீல் உறையைக் கிழித்தார்.

இரண்டு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியாக விலை போட்டிருந்தார்கள். பர்ட்டன் விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். உதடு அசைந்தது. வலையில் எத்தனை மீன் என்று தூக்காமலே சொல்கிறவர், இந்த ஒரு தாளை மூன்று முறை படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

இரண்டில் எது கூடுதலோ, கவுண்டி அதைத்தான் அவருக்கு விலையாகச் சொல்லியிருந்தது.

"ஏமாத்தல" என்றார்.

"ஏமாத்தல சார்."

"ஏமாத்தலடா!" லாயிட்டின் முதுகில் ஓங்கி ஒரு அடி. இஸ்திரி போட்ட சட்டையில் ஈரக் கை பதிந்தது. "எத்தனை ராத்திரி தூங்கல தெரியுமா? கையெழுத்துப் போடற வரைக்கும் தூங்கல. நீ சொன்னேன்னு நெனச்சுத்தான் நாலு நாளாக் கண்ண மூடினேன். அதுவும் பொய்யாப் போச்சு. இப்பத்தான் நெஜமாவே தூங்கப் போறேன்."

வக்கீல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"மிஸ்டர் டில்மன். நீங்க கொஞ்சம் உக்காருங்க."

முதல் மதிப்பீட்டாளர் போன ஜனவரியில் நிலத்தைப் பார்க்க வந்திருக்கிறார். அப்போது எடுத்த படங்களைப் பின்னால் சேர்த்திருந்தார். மரங்கள், வேலி, சதுப்பு, துறை.

துறைப் படத்தில் கொரீன் இருந்தாள்.

மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் நின்றாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, படம் எடுப்பவரைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் பாதி திறந்திருந்தது. காலில் சேறு. போட்டிருந்தது லாயிட்டின் நீலக் கட்டம் போட்ட சட்டை. தொலைந்துவிட்டது என்று அவன் வீடெல்லாம் தேடிய சட்டை.

பத்து மாதமாக அவன் முதுகுக்குப் பின்னால் இவள் நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

படத்துக்குக் கீழே மதிப்பீட்டாளரின் குறிப்பு. வக்கீல் அதை மெதுவாகப் படித்தார்.

"உரிமையாளர் மீன்பிடிக்கச் சென்றிருந்தார். அவருடைய மகள் கொரீன் டில்மன் நிலத்தைச் சுற்றிக் காட்டினார். இந்நிலத்தைப் பற்றிக் கவுண்டிக்கு முதலில் தெரிவித்தவரும் இவரே. படகுத் துறையையும் அதை ஒட்டிய சிறு மனையையும் விற்பனையில் சேர்க்க வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். காரணத்தைத் தந்தையிடம் தாமே தெரிவிப்பதாகக் கூறினார்."

பர்ட்டன் அந்தக் குறிப்பின் மேல் விரலை வைத்தார்.

கவுண்டியின் முதல் கடிதம் ஏப்ரலில் வந்தது. கொரீனைப் புதைத்த சில வாரங்களில். அன்று அவர் லாயிட்டிடம் சொன்னதை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள உன் ஆபீசு என் வாசல்ல வந்து நிக்குது." அதற்குப் பிறகு, விலை கேட்டு நச்சரித்ததைத் தவிர, இருவரும் சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்டு வாங்கிக்கொள்கிற அளவுக்குத்தான் பேசினார்கள்.

"நீதான் கூட்டியாந்தேன்னு நெனச்சேன்" என்றார் இப்போது.

"தெரியும் சார்."

"இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நான் இல்லன்னா அடுத்து யாருன்னு கேப்பீங்க. அதுவும் கோப்புக்குள்ள இருக்கற விஷயம்."

பர்ட்டன் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார்.

"உன்னைப் பெத்தவங்க உன்னையும் தோண்டித்தான் எடுத்தாங்களா?"

லாயிட் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மேடம், இதுக்கு ஒரு பிரதி கெடைக்குமா?"

"இது இப்ப பொது ஆவணம் மிஸ்டர் டில்மன்." மிஸஸ் ஃபென்விக்கின் குரல் தணிந்திருந்தது. "யார் கேட்டாலும் குடுக்கணும். உங்களுக்கு இல்லாமலா?"

யார் கேட்டாலும். அந்த வார்த்தை அவன் காதில் கொஞ்ச நேரம் நின்றது.

நடைக்கு வந்தார்கள். ஹால்வர்சன் எழுந்து முன்னால் வந்தார்.

"மேடம், என் புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன்."

"தேவையில்ல. அது அப்பவே தள்ளுபடி ஆயிடுச்சு."

"அப்படியா?" ஹால்வர்சன் புன்னகைத்தார். லோனியைப் பார்த்தார். லோனி தரையைப் பார்த்தான். "பரவாயில்ல. கோப்பு தொறந்தாச்சுன்னா நானும் ஒரு தடவை படிச்சுடறேன்."

*

சாயங்காலம் செடிகள் மறுபடி மண்ணுக்குப் போயின.

லாயிட் குழி தோண்டினான். பர்ட்டன் மண்டி போட்டு மண்ணை அமுக்கினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. துறையின் பலகைகளுக்கு அடியில் மடவைகள் துள்ளி விழும் சத்தம். ரேடியோ இன்று ராத்திரியும் உறைபனி என்று சொல்லியிருந்தது.

ஓடெசா ஒரு கையில் புலாவ் சட்டியும் இன்னொரு கையில் பழைய பெட்ஷீட்டுகளுமாக வந்தாள். தூண்டில் இரை விற்கிற கடையைச் சீக்கிரமே மூடிவிட்டாள்.

"உருளைக்கெழங்கு தொரை, இங்க பாரு. இதுக்குப் பேரு பெட்ஷீட்டு. தூங்கறப்ப நீ போத்திக்குவே. குளிருறப்ப செடி போத்திக்கும். வெளங்குச்சா?"

"வெளங்குச்சு மிஸ் ஓடெசா."

"அண்ணன் எல்லாத்தையும் சொன்னாரு. பத்து மாசமா அத்தனை ஏச்சு வாங்கியும் ஒரு வார்த்தை விடலையாம். நானா இருந்தா அன்னைக்கே அலமாரிய ஒடச்சிருப்பேன்." சட்டியைப் பலகை மேல் வைத்தாள். "இந்த வீட்டுல எல்லாருக்கும் பேர் இருக்கு. இவன் மட்டும் இன்னும் லாயிட்டாவே திரியறான். அசிங்கமா இருக்கு. இன்னையிலேருந்து உம் பேரு மூடி."

"மூடியா?"

"ஊறுகா ஜாடி மூடி. திருகினாலும் வராது, தட்டினாலும் வராது, சுடுதண்ணி ஊத்தினாலும் வராது."

பர்ட்டன் மண்ணிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "மூடி, அந்தக் கடைசி வாளிய இப்படித் தள்ளு."

"சரி சார்."

"சாராம்" என்றாள் ஓடெசா. "கொக்குன்னு கூப்பிடு. நின்னா அப்படியேதானே இருக்காரு."

லாயிட் வாளியைத் தள்ளினான். அவன் வாயோரம் ஏதோ அசைந்ததை ஓடெசா பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி தட்டில் இறால் புலாவை அள்ளிப் போட்டாள்.

ஒரு வாய் வைத்தான். காரம் மெதுவாகத்தான் ஏறியது. நாக்கு, தொண்டை, பிறகு காது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"காரமா?"

"காரம்தான். இன்னும் கொஞ்சம் போடுங்க."

லோனி படகில் உட்கார்ந்திருந்தான். அவன் தட்டு தொடாமல் இருந்தது. காலையிலிருந்து ஒரு வெடி கூட வெடிக்காத பட்டாசை ஓடெசா ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒனக்கென்னடா வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல அத்தை." தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான். "அப்பா, கொரீன் நெஜமாவே தொறைய விக்க வேணாம்னு சொல்லியிருக்காளா?"

"எழுதியே இருக்கு. திங்கட்கெழமை போயி ஒப்பந்தத்துலேருந்து தொறைய மட்டும் எடுத்துடச் சொல்லப் போறேன். சபை கூடறதுக்கு நாள் இருக்கு, மாத்தலாம்னு அந்த அம்மா சொல்லிட்டாங்க." பர்ட்டன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "எதுக்குக் கேட்டாளோ தெரியல. எங்கிட்டச் சொல்றேன்னு சொல்லியிருக்கா. சொல்லாமலே போயிட்டா. கேட்டது அவ. அதனால தொறை நம்மகிட்டயே இருக்கும்."

லோனி படகிலிருந்து இறங்கி வந்தான்.

"காலையில நீங்க உள்ள இருந்தப்ப ஹால்வர்சன்கிட்டப் பேசினேன். செடியக் கொண்டாந்தப்பறம்தான், இதையே ஜாடைன்னு எடுத்துக்கிட்டா மச்சான் கத முடிஞ்சுதுன்னு பயம் வந்துச்சு. புகாரத் திருப்பி வாங்குங்கன்னேன். பதிலுக்கு என்ன தருவேன்னாரு."

"என்ன சொன்னே?"

"தொறை கவுண்டிக்குப் போகலன்னா அது உங்களுக்குத்தான்னேன். எல்லாமே கவுண்டிக்குப் போகுதே, இல்லாத ஒண்ணத் தர்றேன்னு சொன்னா என்ன கொறஞ்சுடப் போகுதுன்னு..."

"கை குடுத்தியா?"

லோனி தன் வலது கையை அது வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்தான்.

போமார் வீட்டில் காகிதம் எல்லாம் பிறகுதான். கை கொடுத்தால் கொடுத்ததுதான். அந்த ஒரு பேச்சுக்காகப் பர்ட்டன் தன் வாழ்நாளில் இரண்டு படகுகளை இழந்திருக்கிறார். அவர் மகனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மொதல்ல இதப் போத்திடலாம்" என்றான் லாயிட்.

ஒரு பெட்ஷீட்டை உதறினான். நீலப் பூக்கள் போட்டது, துவைத்துத் துவைத்து வெளுத்தது. ஒரு முனையை லோனியிடம் நீட்டினான். லோனி பிடித்துக்கொண்டான். இருவருமாகச் செடிகளின் மேல் விரித்தார்கள். பர்ட்டன் ஓரத்தில் கல் வைத்தார்.

"நீ எனக்காகச் செஞ்சே" என்றான் லாயிட், தாழ்ந்த குரலில்.

"கிறுக்குத்தனமாச் செஞ்சேன்."

"நானும் கிறுக்குத்தனமாத்தான் தோண்டினேன். அது நல்லதா முடியலயா?"

லோனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான்.

மண் பாதையில் ஒரு வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. விளக்கு வெளிச்சம் ஓக் மரங்களின் மேல் ஏறி, துறைக்கு இறங்கி, நீலப் பூக்களின் மேல் வந்து நின்றது.

கதவு திறந்தது. பளபளக்கும் பூட்ஸ் மணலில் இறங்கியது. ஹால்வர்சனின் கையில் நான்காக மடித்த ஒரு தாள். அது என்னவென்று லாயிட்டுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. கொரீன் படமும் குறிப்பும் இருந்த அதே தாள் அவன் சட்டைப் பையிலும் இருந்தது.

அப்போது வந்தது. பயம். மார்ச்சுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. தொலைந்த சட்டையைப் போல அதை அவன் அடையாளம் கண்டுகொண்டான். கையைத் துடைத்துக்கொண்டு துறைக்கு முன்னால் போய் நின்றான்.